காங்கேயும் கீழ்ப்பாக்கமும்: ஒரு கையெழுத்தின் கதை

திங்கட்கிழமை காலையில் பேங்க் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பென்ஷன்காரர்கள் வரிசை, மக்கர் பண்ணும் பாஸ்புக் பிரிண்டர், "சர்வர் டவுன்" என்று ஒரு குரல். அப்படி ஒரு திங்கட்கிழமை, இரண்டு பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பி. கையில் ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம்.

"அப்பாவுக்குப் புத்தி சரியில்லை சார். காங்கேயில் வைத்துப் பார்த்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் பெயரில் இருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கணும். நாங்களே கையெழுத்துப் போடுகிறோம்."

காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்னால் சேர்த்திருக்கிறார்கள், சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. "இது வைத்தியம் நடந்ததற்கான காகிதம். உங்கள் அப்பா கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவர் என்று இதில் எங்கும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். அவரையே அழைத்து வாருங்கள்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

புதன்கிழமை பெரியவர் தனியாகவே வந்தார், ஷேர் ஆட்டோவில். டெபாசிட் இருக்கட்டும், உடைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். 1991-ல் அவர் கொடுத்த ஸ்பெசிமன் கையெழுத்தோடு ஒப்பிட்டேன். கொஞ்சம் நடுக்கம், மற்றபடி அதே கையெழுத்து. போகும்போது ஒன்று கேட்டார். "எல்லோரும் என்னைப் பற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். என்னை யாரும் கேட்பதில்லை. நான் போட்டது செல்லுமா சாப்?"

செல்லும் என்றேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை 25 வருடத்துக்கு முன்னால் என் சித்தப்பா வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு லெட்ஜரிலேயே தலை நரைத்தவன். வேலை நிமித்தமாகச் சட்டப் புத்தகங்களைப் புரட்டியதும், இந்த ஊரில் இருப்பதால் தெரிந்துகொண்டதும் தான் இங்கே இருக்கிறது.

ராஞ்சியில் இருக்கிறேன் என்றால் வட இந்திய நண்பர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. எங்கள் கிளையில் சத்தம் போட்ட ஒரு வாடிக்கையாளரைக் காட்டி, கேஷியர் "இவரைக் காங்கே அனுப்பணும்" என்றபோதுதான் விளங்கியது. காங்கே, ராஞ்சியின் வடக்கே இருக்கும் பகுதி. அங்கே இரண்டு மனநல மருத்துவமனைகள் இருக்கின்றன. வீட்டம்மாவிடம் சொன்னேன். "ஓ, நம்ம ஊர்ல கீழ்ப்பாக்கம்னு சொல்ற மாதிரியா?" என்றாள். அதே தான். ஊர்ப் பெயரே வசவாகிப் போன ஊர்கள். ஆக்ராவுக்கும் இதே தலைவிதி.

கீழ்ப்பாக்கத்தின் கதை காங்கேயைவிடப் பழையது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794-லேயே ஒரு காப்பகம் வந்துவிட்டது. இப்போதிருக்கும் கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு அது வந்தது 1871-ல். இந்தப் பக்கம், மனநலம் கெட்ட சிப்பாய்களுக்காக 1795-ல் முங்கேரில் ஒரு காப்பகம் ஆரம்பித்தார்கள். அது 1821-ல் பாட்னாவுக்கு மாறி, 1925-ல் காங்கேக்கு வந்தது. பெயர் 'இந்தியன் மென்டல் ஹாஸ்பிட்டல்'.

'இந்தியன்' என்று தனியாகப் போடுவானேன் என்று கேட்பீர்கள். ஏனென்றால் பக்கத்திலேயே வெள்ளைக்காரர்களுக்கு என்று ஒன்று ஏற்கனவே இருந்தது. 1918 மே 17-ல் திறந்த 'ராஞ்சி யூரோப்பியன் லூனடிக் அசைலம்'. 174 பேருக்கு இடம். சட்டம் ஒன்று, வியாதி ஒன்று, ஆனால் வளாகம் இரண்டு. 1919-ல் அதற்குப் பொறுப்பேற்ற ஓவன் பெர்க்லி-ஹில் என்ற டாக்டர், 'அசைலம்' என்ற சொல்லே கூடாது, இது ஆஸ்பத்திரி என்று வாதாடினார். 1922-ல் பெயர் மாறியது. அதே வருடம் கீழ்ப்பாக்கத்துப் பலகையிலும் 'அரசு மனநோய் மருத்துவமனை' என்று வந்தது. இன்றைக்கு காங்கேயின் அந்த வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரிதான் மத்திய அரசின் மனநல நிறுவனம். மற்றது மாநில அரசின் ரின்பாஸ்.

பலகை மாறிற்று. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. என் போன்ற பேங்க்காரனுக்குக் கண்ணில் படுவது அதுதான். ஆகவே இந்த வரலாற்றைக் கையெழுத்து வழியாகவே சொல்கிறேன்.

1858-ல், கம்பெனியிடமிருந்து ராணியின் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட அதே வருடம், மனநலம் பற்றி மூன்று சட்டங்கள் வந்தன. 34, 35, 36 என்று அடுத்தடுத்த எண்கள். இதில் 36-ஆம் சட்டம் மட்டும்தான் காப்பகங்களைப் பற்றியது. மற்ற இரண்டும் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கோர்ட்டில் ஒருவரைப் புத்தி சரியில்லாதவர் என்று விசாரித்து அறிவிப்பது, அவர் சொத்தை நிர்வகிப்பது. மூன்றில் இரண்டு பங்கு சட்டம் சொத்துக்கு! என் மேஜைக்கு வந்த அண்ணன் தம்பிகளுக்கு 160 வருடத்துப் பாரம்பரியம் இருக்கிறது.

அடுத்தது 1912-ஆம் வருட இந்திய லூனசி சட்டம். இது நம்மை எண்பது வருடம் ஆண்டது. இங்கிலாந்தில் அப்போது ஒரு பயம் இருந்தது. நல்ல புத்தியோடு இருப்பவரைச் சொந்தக்காரர்களே சொத்துக்காகப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று. அதனால் அங்கே 1890-ல் மாஜிஸ்திரேட்டை நடுவில் கொண்டுவந்தார்கள். அதே முறை இங்கேயும் வந்தது. கணவனோ மனைவியோ உறவினரோ மனுப் போட வேண்டும். இரண்டு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். மாஜிஸ்திரேட் ஆணை போட வேண்டும். அந்த ஆணைக்குப் பெயர் 'ரிசப்ஷன் ஆர்டர்'. நமக்கு ரிசப்ஷன் என்றால் மாலையும் மெல்லிசையும் ஞாபகம் வரும். இந்த ரிசப்ஷனில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும்.

நியாயமாகப் பார்த்தால் மோசமான ஏற்பாடு இல்லை. மாஜிஸ்திரேட் அந்த ஆளை நேரில் பார்த்து விசாரிக்க வேண்டும் என்றே சட்டம் சொன்னது. ஆனால் கூடவே ஒரு வாசல்: தேவையில்லை என்று அவர் கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டுப் பார்க்காமலும் விடலாம். தெருவில் சுற்றித் திரிபவரைப் போலீஸே பிடித்துக்கொண்டு போகலாம். தானாகவே வந்து சேர விரும்புகிறவருக்கும் வழி இருந்தது. ஆனால் அவர் விரும்பினால் போதாது, ஆஸ்பத்திரிப் பார்வையாளர்கள் இருவர் சம்மதிக்க வேண்டும். அப்படித் தானாக வந்தவர் எழுதிக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மற்றவர்களை வெளியே அனுப்பப் பார்வையாளர்களில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். சொந்தக்காரர், இரண்டு டாக்டர், மாஜிஸ்திரேட், மூன்று பார்வையாளர். மொத்தம் ஏழு கையெழுத்து. சம்பந்தப்பட்ட ஆளின் கையெழுத்துக்கு அதில் கட்டமே கிடையாது.

இத்தனை கையெழுத்துகளில் ஒன்றைப் போட மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு எங்கள் ராஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு உதாரணம் இருக்கிறது. ஹசாரிபாக் மத்தியச் சிறை. அங்கே மனநலம் சரியில்லை என்று அடைக்கப்பட்ட சிலர், குணமான பிறகும் இருபது முப்பது வருடங்களாக உள்ளேயே கிடக்கிறார்கள் என்று அவ்வூர் இலவச சட்ட உதவிக் குழு சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதியது. வீணா சேத்தி வழக்கு, 1982. நீதிபதி பகவதி அவர்களை விடுவிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை, ஊர் போய்ச் சேரப் பணமும் கொடுக்கச் சொன்னார். யாரும் அவர்களை வேண்டுமென்றே வைத்திருக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. விடுவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பேங்கில் பத்து வருடம் யாரும் தொடாத கணக்கைத் தனியாக ஒதுக்கிவைப்போம். மனிதர்களையும் அப்படி ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கணக்கு அஸ்ஸாமில். மசாங் லாலுங் என்ற பழங்குடி இளைஞரை 1951-ல், 23 வயதில், ஒருவரைக் காயப்படுத்தியதாகக் கைது செய்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் அவர் நன்றாக இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. வீட்டுக்கு அனுப்பவில்லை, குவாஹாத்தி சிறைக்கு அனுப்பினார்கள். விசாரணையும் நடக்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு 2005-ல் வெளியே வந்தார். 54 வருடம். ஜாமீனுக்கு அவர் எழுதிக் கொடுத்த சொந்தப் பத்திரம் எவ்வளவுக்குத் தெரியுமா? ஒரு ரூபாய்க்கு. பிறகு சுப்ரீம் கோர்ட் மூன்று லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007-ல் அவர் இறந்துபோனார். எத்தனையோ வட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன். இதற்கு எந்த வாய்ப்பாட்டில் போடுவது என்று தெரியவில்லை.

எங்கள் காங்கேயும் கோர்ட்டுக்குப் போனது. 1980-களில், இன்றைய ரின்பாஸ் 'மானசிக் ஆரோக்யசாலா' என்ற பெயரில் இருந்தபோது, அங்கே நோயாளிகள் இருக்கும் நிலை பற்றி ராகேஷ் சந்திர நாராயண் என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் உள்ளூர் மாஜிஸ்திரேட்டையே நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்கியது. கட்டடம், தண்ணீர், சாப்பாடு, மருந்து எதுவும் உருப்படியாக இல்லை. வருடக்கணக்கில் அந்த வழக்கைக் கையில் வைத்திருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வைத்தார்கள். 1997-ல் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மூன்று மருத்துவமனைகளையும் கண்காணிக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது கோர்ட். 1998-ல் தன்னாட்சி நிறுவனமாகி 'ரின்பாஸ்' ஆனது. இன்னொரு பக்கம், 1993-ல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று சொல்லப்பட்டது. சுதந்திரம் வந்து 46 வருடம் கழித்து, இதைச் சொல்ல ஒரு சுப்ரீம் கோர்ட் வேண்டியிருந்தது.

சட்டத்தை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 1950-லேயே ஒரு மசோதா எழுதிக் கொடுத்தது. சட்டமானது 1987-ல். நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். 43 வருடம். நம் பேங்க்கில் ஹோம் லோன் கிடைக்கத் தாமதமாகிறது என்று இனிமேல் யாரும் என்னைத் திட்டக் கூடாது!

1987 சட்டம் 'லூனடிக்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'மனநோயாளி' என்றது. தானாக வந்து சேர்வதை எளிதாக்கியது. கூடவே 19-ஆம் பிரிவு என்று ஒன்று வைத்தது. நோயாளி சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை என்றால், உறவினரோ நண்பரோ விண்ணப்பம் கொடுத்தால் போதும், இரண்டு டாக்டர் சான்று இருந்தால் 90 நாள்வரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். மாஜிஸ்திரேட் ஆணை தேவையில்லை. கோர்ட் வாசலில் குடும்பங்கள் அலைவதைத் தவிர்க்க வந்த பிரிவு. நல்ல எண்ணம்தான்.

அந்தப் பிரிவில் தான் என் சித்தப்பா மாட்டினார். மாட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்குப் பேரேடு எழுதக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். காலேஜில் சொல்லித் தந்ததெல்லாம் பிறகு வந்தது. 1999-ல் அவருக்குத் தூக்கம் போனது. ஆபீஸ்காரர்கள் தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றார். சாப்பிட மறுத்தார். ஒரு நாள் அம்மா கொடுத்த காப்பியை அம்மா மேலேயே வீசினார். அப்பா பயந்துபோனார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டு வந்தார். எப்படி அழைத்துப் போவது? அவர் யாரையும் நம்பவில்லை, என்னைத் தவிர.

எனக்கு அப்போது 19 வயது. "சித்தப்பா, பேங்க் பரிச்சைக்கு மதுரைல கோச்சிங் சேரணும். எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க கூட வந்தாத்தான் தைரியமா இருக்கும்" என்றேன். அப்பா சொல்லிக் கொடுத்த வசனம். சித்தப்பா பல நாள் கழித்து அன்று குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஃபீஸ் கட்ட உதவும் என்று தன் சேமிப்பிலிருந்து 500 ரூபாய் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தபோது அவர் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா உள்ளே அண்ணன் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

41 நாள் இருந்தார். மருந்து வேலை செய்தது. இதை நான் மறைக்கக் கூடாது. தூங்கினார், சாப்பிட்டார், சந்தேகம் போனது. மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்கே வேலைக்குப் போனார். 2013-ல் மாரடைப்பில் இறக்கும்வரை மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை. அன்று சேர்க்காமல் இருந்திருந்தால் பட்டினியாலேயே போயிருப்பார். அப்பா செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் திரும்பி வந்த அன்று ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம் சொன்னார். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா. நான் வரமாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

ஒருவேளை வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். தெரியாது. கேட்கவில்லையே. என்னை உறுத்துவது அதுதான். என்னை வெளியே விடுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடும் உரிமை அதே 19-ஆம் பிரிவில் அவருக்கு இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. எனக்கு அது தெரிந்தது பேங்கில் சேர்ந்து, 'மனநலம் சரியில்லாத வாடிக்கையாளர் கணக்கு' பற்றிய ஒரு சர்க்குலரைப் படித்து, அதன் மூலச் சட்டத்தைத் தேடியபோதுதான்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி. தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் கூரை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். செய்தியை டி.வி.யில் பார்த்த சித்தப்பா எழுந்து போய்விட்டார். அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டது யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். வேறு வழி தெரியாமல், சாமி பார்த்துக்கொள்ளும் என்று. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டு, உரிமம் இல்லாத காப்பகங்களைப் பற்றி எல்லா மாநிலங்களையும் கேள்வி கேட்டது.

பிறகு 2007-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன்படி சட்டத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்தது. இதைப் படித்தபோது முதல்முறையாக அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். நோயாளியின் கையெழுத்துக்கான கட்டம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். வைத்தியத்துக்குச் சேர்கிற எவரும் தானாகச் சேர்கிறவர் என்பதுதான் பொது விதி. அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். நிலைமை சரியில்லை என்று தோன்றினால் பரிசோதித்து முடிவெடுக்க 24 மணி நேரம் மட்டும் நிறுத்தலாம். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரை, அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்தால் சேர்க்கலாம். ஆனால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று காரணம் இருக்க வேண்டும். முப்பது நாள்தான் கெடு. மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்கள், சிறுவர்கள் என்றால் மூன்று நாளுக்குள். முப்பது நாளுக்குமேல் வைக்க வேண்டுமானால் வாரியத்தின் அனுமதி வேண்டும். என்னைச் சேர்த்தது சரியில்லை என்று நோயாளியே வாரியத்திடம் போகலாம். இலவச சட்ட உதவி கேட்கலாம். தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்கலாம். சங்கிலி அறவே கூடாது. மயக்க மருந்தில்லாமல் கரண்ட் வைத்தியம் கூடாது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த வரி 3-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானித்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது, அதைக் கோர்ட் அறிவித்திருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்கு நான் சொன்ன பதிலுக்கு ஆதாரம் இதுதான். 1858-லிருந்து ஆஸ்பத்திரிச் சட்டத்தின் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த சொத்து அத்தியாயம், இந்தச் சட்டத்தில் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பல மாநிலங்களில் வாரியம் அமைக்கவே வருடங்கள் ஆயின. ஆஸ்பத்திரியில் குணமானவர்களைக் கூட்டிப்போக ஆளில்லை என்று 2017-க்குப் பிறகும் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம், பார்த்துக்கொள்ளும் குடும்பங்களின் கஷ்டம். நோயாளிக்கே தனக்கு நோய் என்று தெரியாதபோது, சம்மதம், பிரதிநிதி, வாரியம் என்று பேசினால் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் தவிக்கும் அம்மாவுக்கு என்ன பதில்? அந்த அம்மாவின் பக்கமும் நான் இருந்திருக்கிறேன். அவசரத்துக்கு 72 மணி நேரம் சிகிச்சை தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள் வீட்டில் இது இன்னும் சிக்கல். அப்பா அம்மா கோவில்பட்டியில், அண்ணன் புனேயில், நாம் ராஞ்சியில், பிள்ளை பெங்களூர் ஹாஸ்டலில். யாருக்காவது ஒன்று என்றால் கையெழுத்துப் போட யார் ஓடுவது? பக்கத்து வீட்டுக்காரரா? நாம் சொல்லிவைக்கவில்லை என்றால் சட்டமே ஒரு வரிசை வைத்திருக்கிறது: உறவினர், பார்த்துக்கொள்பவர், அதுவும் இல்லையென்றால் வாரியம் நியமிக்கும் ஆள்.

ஆனால் நாமே சொல்லி வைக்கலாம். 14-ஆம் பிரிவு. மேஜரான எவரும், எனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என் சார்பில் இன்னார் பேசட்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். ரேகை வைத்தாலும் சரி. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். எனக்கு எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதிவைக்க 5-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்குச் சாட்சி, பதிவு என்று கொஞ்சம் நடைமுறை உண்டு.

கணக்குத் தொடங்க வருகிறவர்களிடம் தினமும் இருபது தடவை கேட்கிறேன், "நாமினி யார்?" என்று. அது நாம் செத்த பிறகு பணம் யாருக்கு என்பதற்கு. உயிரோடு இருக்கும்போது நமக்காக யார் பேசுவார் என்பதற்கு யாரும் கட்டம் பூர்த்தி செய்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதினேன். வீட்டம்மா பெயரைப் போட்டேன். "என்னைக் கேட்டீங்களா?" என்றாள். அதுவும் நியாயம்தானே! கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவளும் ஒரு தாள் எடுத்து எழுதினாள். என் பெயரை எழுதவில்லை, அவள் தங்கை பெயரை எழுதினாள். "நீங்க ரொம்பப் பயப்படுவீங்க. உங்க அப்பா மாதிரி" என்றாள்.

கோபம் வரவில்லை. அது அவள் கையெழுத்து.